பல்லுக்குப் பூச்சு: குறையைச் சீர் செய்வதும் படைப்பை மாற்றுவதும்

உடைந்துபோன முன்பல்லைப் பல்லின் நிறத்திலேயே பிசின் வைத்துச் சரி செய்து கொள்ளலாமா? அப்படிச் செய்தவருக்குக் கடமையான குளிப்பு நிறைவேறுமா? திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரத்துத் தாய்மார்கள் நம்மிடம் அடிக்கடி கேட்டு வரும் கேள்விகள் இவை.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குச் சரியான பதில் தெரியாததால் விளையும் துன்பம் சிறியதல்ல. சில வீடுகளில், “பல்லில் கை வைத்தால் லஃனத் இறங்கும்” என்று மூத்தவர்கள் தடுத்து விடுகிறார்கள். உடைந்த பல்லை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டே அந்தப் பிள்ளை வளர்கிறது. வேறு சில வீடுகளில், முன்பே சிகிச்சை செய்துகொண்ட பெண்ணிடம், “உன் குளிப்பும் சேராது, தொழுகையும் சேராது” என்று யாரோ சொல்லி விடுகிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தக்பீரிலும் அவள் உள்ளத்தில் சந்தேகம் புகுந்து கொள்கிறது. இன்னொரு புறம், குறை எதுவுமே இல்லாத பற்களையும் அராவி, வெள்ளை வெளேரென்று ஒரே அளவில் ஆக்கிக்கொள்ளும் மோகம் பரவி வருகிறது. ஹலாலைத் தடுப்பதும் தவறு, தடுக்கப்பட்டதைத் தாராளமாக்குவதும் தவறு. எனவே இதனை முறையாக ஆராய்வோம்.

சிகிச்சையின் விபரம்

ஒரு விஷயத்தின் தன்மையை அறியாமல் அதற்கு ஹுக்கும் சொல்லக்கூடாது. ஆகவே முதலில் சிகிச்சையைத் தெரிந்து கொள்வோம்.

இதனைப் பல் மருத்துவர்கள் ‘பாண்டிங்’ என்கிறார்கள். ஒட்டுதல் என்பது பொருள். பல்லின் வெளிப்புறத்தில் ‘எனாமல்’ என்னும் கடினமான உறை இருக்கிறது. மருத்துவர் அதன்மீது பாஸ்போரிக் அமிலக் களிம்பைச் சில விநாடிகள், சாதாரணமாக 15 முதல் 30 விநாடி வரை வைத்துக் கழுவி விடுவார். அதனால் அந்த உறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் உண்டாகின்றன. ஒட்டும் திரவத்தைத் தடவினால் அது அக்குழிகளில் இறங்கிப் பிடித்துக் கொள்ளும். அதன்மேல் பல்லின் நிறத்துக்கு ஒத்த பிசினைப் படலம் படலமாக வைத்து, ஒவ்வொரு படலத்துக்கும் நீல ஒளி காட்டி இறுகச் செய்வார். பிறகு வடிவம் திருத்தி மெருகேற்றுவார். ஒரு பல்லுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகலாம். பெரும்பாலும் மரப்பு ஊசியும் தேவைப்படாது.

1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ரோசெஸ்டர் நகரின் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர், அமிலம் தடவினால் பிசின் பல்லில் உறுதியாக ஒட்டுகிறது என்பதை வெளியிட்டார். அதே நாட்டின் ரஃபேல் போவன் கண்டறிந்த பிசினுக்கு 1962-இல் காப்புரிமை கிடைத்தது. பல்லின் நிறத்திலேயே பல் அடைக்கும் இன்றைய முறை இவ்விருவர் கண்டுபிடிப்பின் மீதே நிற்கிறது.

இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். பாண்டிங்கில் பல் பெரும்பாலும் அறுக்கப்படுவதில்லை, அதன்மேல் கூட்டப்படுகிறது. ‘வெனீர்’, ‘கிரவுன்’ போன்ற முறைகளில் பல்லின் உறையைச் செதுக்க வேண்டி வருகிறது. செதுக்கிய உறை திரும்ப வளராது. இந்த வேற்றுமை பின்னால் நமக்குப் பயன்படும்.

பல் கெடுவது எதனால்?

பல்லில் குறை ஏற்படுவதெல்லாம் அலட்சியத்தால் என்று நினைக்கக்கூடாது. பிள்ளைகள் விளையாடும்போது விழுந்து முன்பல்லை உடைத்துக் கொள்கிறார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாயாரோ, எட்டு வயதுக்குள் பிள்ளையோ ‘டெட்ராசைக்ளின்’ வகை மருந்து உட்கொண்டால், பிள்ளையின் பற்களில் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். வேறொரு காரணம் குடிநீரில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுதியாக இருந்ததால், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பற்கள் மஞ்சளும் பழுப்பும் பாய்ந்து போயின. பல் உருவாகும் பருவத்தில் அந்நீரைக் குடித்ததே காரணம். எவ்வளவு மிஸ்வாக் செய்தாலும் அந்தக் கறை போகாது. நம் வயல்களுக்கு வரும் அதே காவிரியின் நீரை ஒகேனக்கலில் எடுத்து அம்மாவட்டங்களுக்குக் குடிநீராகக் கொடுக்கும் கூட்டுத் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் வெற்றிலை பாக்குக் கறையும் தேநீர்க் கறையும் வேறு வகை. இவை நாமே தேடிக்கொள்பவை. பல்லைச் சுத்தம் செய்தாலே இவற்றில் பெரும்பகுதி நீங்கிவிடும், பூச்சு தேவையில்லை.

ஹதீஸில் வந்துள்ள எச்சரிக்கை

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. பச்சை குத்துபவர்கள், குத்திக்கொள்பவர்கள், முகத்து முடியைப் பிடுங்கிக்கொள்பவர்கள் ஆகியோருடன், அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களையும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுபவர்கள் என்று அந்த ஹதீஸ் கண்டிக்கிறது. மூத்தவர்கள் சொல்லும் ‘லஃனத்’ இங்கிருந்துதான் வந்தது. ஆகவே அவர்களுடைய அச்சம் ஆதாரமற்றதன்று.

இதைக் கேள்விப்பட்ட உம்மு யஃகூப் என்ற பெண்மணி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடமே நேரில் வந்து விளக்கம் கேட்டார். குர்ஆனை நன்கு ஓதியவர் அவர். முழுவதையும் ஓதியும் இந்தச் சாபத்தை எங்கும் காணவில்லையே என்றார். தூதர் கொடுத்ததை ஏற்று, தடுத்ததை விட்டு விலகுங்கள் என்ற ஹஷ்ரு அத்தியாயத்துக் கட்டளையை அவர்கள் நினைவூட்டினார்கள். அப்பெண்மணி அத்துடன் விடவில்லை. தங்கள் வீட்டிலேயே இது நடக்கிறது போலும் என்றார். போய்ப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று அவரை வீட்டினுள் அனுப்பினார்கள். அங்கே அப்படி எதுவும் இல்லை. மார்க்கச் சட்டத்தின் ஆதாரத்தைப் பெண்கள் கேட்டுத் தெரிந்து கொள்வது ஸஹாபாக்கள் காலத்திலிருந்தே உள்ள நன்மரபு என்பதற்கு இந்த நிகழ்ச்சி சான்றாகும்.

இந்த ஹதீஸில் ‘அழகுக்காக’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஹிஜ்ரீ 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புக்கு எழுதிய விரிவுரையில் இச்சொல்லை எடுத்துக்கொண்டு விளக்குகிறார்கள். வயது முதிர்ந்த பெண்கள் இளம் வயதினராகத் தோன்ற வேண்டும் என்பதற்காக முன்பற்களின் இடையே அராவிக் கொள்வார்கள். அதுவே இங்கு தடுக்கப்படுகிறது. சிகிச்சைக்காகவோ, பல்லிலுள்ள குறையின் காரணமாகவோ தேவைப்பட்டால் அதில் குற்றமில்லை என்பது அவர்கள் தரும் தெளிவு.

இதற்கு மாறாகக் கடுமையான கருத்தும் உண்டு. இமாம் தபரீ (ரஹ்) அவர்கள், கூடுதலாக முளைத்த பல்லைக்கூட அழகு கருதிப் பிடுங்கக்கூடாது என்றார்கள். ஆனால் அவர்களும் வலி தரும் பல்லையும், உண்பதற்கு இடையூறாக நீண்டிருக்கும் பல்லையும் விலக்கி வைத்தார்கள். ஆக, இடையூறை நீக்குவதில் கருத்து வேற்றுமை இல்லை. இடையூறில்லாத குறையை நீக்குவதில் மட்டுமே கருத்து வேற்றுமை.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு

குறையைச் சரி செய்வதற்குத் தெளிவான முன்மாதிரி நமக்கு உண்டு. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்ற நபித்தோழர், இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அது துர்நாற்றம் எடுத்தது. பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவரைத் தங்கத்தில் மூக்குச் செய்து கொள்ளுமாறு பணித்தார்கள். இது அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் வருகிறது. ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கமே, இழந்த உறுப்பைச் சரி செய்யும் தேவைக்காக அனுமதிக்கப்பட்டது. மூக்கின் வெளிப்புறம் இல்லாமலும் மனிதன் சுவாசிக்க முடியும். ஆயினும் முகத்தின் அலங்கோலம் ஒரு மனிதனுக்குத் தரும் வேதனையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பொருட்படுத்தினார்கள்.

இதை ஆதாரமாகக் கொண்டே ஆடும் பல்லைத் தங்கக் கம்பியால் கட்டலாம் என்று முன்னோர் பலர் கூறினர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பல்லுக்கு வெள்ளியே போதும், தங்கம் கூடாது என்றார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் தங்கத்தையும் அனுமதித்தார்கள். இன்று பல்லின் நிறத்திலேயே பிசின் கிடைப்பதால், ஆண்கள் இந்தக் கருத்து வேற்றுமைக்குள் போகவே தேவையில்லை. பகட்டுக்காகத் தங்கப் பல் கட்டும் ஆண்களுக்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஆதாரமாகாது.

கல்யாணம் மட்டும் காரணமாகுமா?

ஒருவர் கேட்கலாம்: அம்மை கண்டு முடி உதிர்ந்த மணமகளுக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று ஒரு தாய் கேட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லையே, உதிர்ந்த முடிக்கு இல்லாத அனுமதி உடைந்த பல்லுக்கு எப்படி வந்தது?

நியாயமான கேள்வி. முடியை முடியுடன் ஒட்டுவதற்குத் தனியே, வெளிப்படையான தடை வந்துள்ளது. மனித முடியைப் பயன்படுத்துவதும், பிறரை ஏமாற்றுவதும் அதன் காரணங்கள் என்று இமாம்கள் விளக்கியுள்ளனர். எனவேதான் மனித முடியல்லாத கம்பளி நூல் போன்றவற்றை ஹனஃபீ இமாம்கள் அனுமதித்தார்கள். பழுதான உறுப்பைச் சரி செய்வதற்கோ அர்ஃபஜா (ரலி) அவர்களின் தனி ஆதாரம் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றோடு குழப்பக்கூடாது.

ஆனால் அந்த ஹதீஸ் நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. அத்தாய் சொன்ன காரணம் கல்யாணம். அந்தக் காரணம் ஏற்கப்படவில்லை. ஆகவே, ‘மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்’ என்பது மட்டும் ஷரீஅத்தில் காரணமாகாது. பல்லில் உண்மையான குறை இருக்கிறதா என்பதே கேள்வி. இருந்தால் கல்யாணம் இல்லாவிட்டாலும் கூடும். இல்லையென்றால் கல்யாணம் வந்தாலும் கூடாது.

ஒரு தெளிவான அளவுகோல்

2007-ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உறுப்புகளைச் சீர் செய்யும் சிகிச்சைகள் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உறுப்பை அதன் இயல்பான நிலைக்குத் திருப்புவதும், பிறவியிலோ விபத்திலோ நோயிலோ வந்த குறையைச் சரி செய்வதும், உடலுக்கோ உள்ளத்துக்கோ துன்பம் தரும் அலங்கோலத்தை நீக்குவதும் கூடும். இயல்பான உறுப்பை ஆசைக்காகவும் பிறரைப் பின்பற்றியும் மாற்றுவது கூடாது என்பது அதன் சாரம். பிறவிக் குறைக்கு உதாரணமாகக் கூடுதல் பற்களையும் அது குறிப்பிடுகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் வீடுகளில் எழும் நிலைமைகளைப் பார்ப்போம்.

1. விழுந்து உடைந்த பல், சொத்தையால் அரிக்கப்பட்ட பல்: பாண்டிங் தாராளமாகக் கூடும். முன்பல் உடைந்தால் குர்ஆன் ஓதுவதும் பாதிக்கப்படலாம். ‘ஃபே’ என்ற எழுத்து மேல்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொடும்போதே சரியாகப் பிறக்கிறது. ‘ஸே’ என்ற எழுத்துக்கு நாக்கு நுனி அப்பற்களின் நுனியைத் தொட வேண்டும். மக்ரஜுக்காகப் பல்லைச் சீர் செய்பவருக்கு, இன்ஷா அல்லாஹ், நன்மையும் உண்டு.

2. மருந்தாலோ தண்ணீராலோ ஏறிய, நீங்காத கறை: இதுவும் குறையே. கூடும்.

3. முன்பற்களுக்கிடையே வழக்கத்துக்கு மாறான அகலச் சந்து: பேச்சில் காற்று ஒழுகினாலோ, பார்ப்பவர் குறையென்று கருதும் அளவில் இருந்தாலோ, அறுக்காமல் பிசின் கூட்டி அடைப்பது கூடும் என்பதே நமக்குச் சரியாகப் படுகிறது. பலருக்கும் இயல்பாக இருக்கும் சிறு சந்தை அப்படியே விட்டுவிடுவது பேணுதலாகும்.

4. குறையற்ற பற்களை அராவி, கூர்மையாக்கி, புதிய வடிவம் கொடுப்பது: ஹதீஸ் கண்டித்தது இதைத்தான். கூடாது. நல்ல உறையை வீணாக்குவதால் பல்லுக்கும் கேடு.

5. வெற்றிலை, புகையிலைக் கறையைப் பூச்சால் மறைத்துவிட்டு மீண்டும் மெல்லுவது: இது பணத்தை வீண் செய்வது. பூச்சும் விரைவில் கறை ஏறும். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்துள்ளது. பூச்சை அல்ல, பழக்கத்தைத் தேட வேண்டாம் என்று உள்ளத்துக்குச் சொல்வதே இங்கு மருந்து.

ஒளுவும் குளிப்பும்

இப்போது பெண்களின் மனத்தை வாட்டும் கேள்விக்கு வருவோம். நம் டெல்டாவில் ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபையும், கடற்கரையோர மரைக்காயர் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபியீ மத்ஹபையும் பின்பற்றுகின்றன. இரண்டையும் தனித்தனியே சொல்வோம்.

ஷாஃபியீ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது ஒளுவிலும் குளிப்பிலும் சுன்னத்தாகும். வாயின் உட்புறத்தைக் கழுவுவது கடமையல்ல. ஆகவே பல்லிலுள்ள பூச்சினால் குளிப்புக்கு எந்தப் பழுதும் இல்லை.

ஹனஃபீ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது ஒளுவில் சுன்னத், கடமையான குளிப்பில் ஃபர்ளு. மூத்த பெண்களின் அச்சம் இங்கிருந்தே பிறந்தது. ஆனால் பெயர்க்க முடியாதவாறு பல்லோடு ஒட்டிவிட்ட பொருள் பல்லின் ஹுக்குமையே பெறும். அதைப் பெயர்த்தால் பல்லுக்குத் தீங்கு. அத்தகைய சிரமத்தை மார்க்கம் சுமத்தவில்லை. பூச்சின் மேல் தண்ணீர் பட்டால் பல்லின் மேல் பட்டதாகவே ஆகும். பல் அடைத்தவருக்கும் இதே சட்டம்தான். இக்காலத்து ஹனஃபீ முஃப்திகள் இவ்வாறே ஃபத்வா அளித்துள்ளனர். கழற்றி மாட்டும் பல் செட்டு மட்டும் வேறு. தண்ணீர் அடியில் செல்லத் தடையாக இருந்தால், கடமையான குளிப்பில் அதைக் கழற்றிவிட்டே கொப்பளிக்க வேண்டும்.

ஆகவே, பூச்சு வைத்திருக்கும் சகோதரியே! உங்கள் குளிப்பு நிறைவேறியது. உங்கள் தொழுகை கூடியது. எதையும் களாச் செய்ய வேண்டியதில்லை. ஷைத்தான் ஊதும் வஸ்வாஸை விட்டு விடுங்கள்.

ஒருவர் மறைந்துவிட்டால் பல்லில் ஒட்டியதைப் பெயர்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்தில் ஹதீஸ் உள்ளது. மையித்தைக் கண்ணியமாகவே கையாள வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ரமலான் பகலில் இச்சிகிச்சையைத் தவிர்ப்பது நல்லது. கழுவும் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறிந்துவிடும். இரவிலோ வேறு மாதத்திலோ வைத்துக் கொள்ளலாம்.

பெண்கள் பெண் மருத்துவரிடம் செல்வதே முறை. கிடைக்காவிட்டால் மஹ்ரமான ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். பதிவு பெற்ற மருத்துவரிடமே செல்லுங்கள். கடைத்தெருவில் மலிவாகப் பல் கட்டுபவர்கள் ஈறோடு சேர்த்து அப்பிவிடும் பொருளால் ஈறு அழுகி, நல்ல பல்லும் ஆட்டம் கண்டவர்கள் உண்டு.

பாண்டிங் ஆயுள் முழுவதற்கும் நிற்பதல்ல. பொதுவாக மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை நிற்கும் என்கிறார்கள். கரும்பு கடிப்பது, ஆட்டெலும்பைக் கடிப்பது, நூலைப் பல்லால் அறுப்பது ஆகியவற்றை விட வேண்டும். அடுத்த முறையும் செலவாகும் என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். கடன் வாங்கிச் செய்யாதீர்கள். மிஸ்வாக்கும் பல் துலக்குவதும் முன்போலவே தொடர வேண்டும்.

பெண் பார்க்க வருவோருக்கு

கடைசியாக, பெற்றோருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு சொல்.

சீர் செய்த பல்லை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. திருமண ஒப்பந்தத்தை முறிக்கத் தகும் குறைகள் என்று ஃபிக்ஹு நூல்கள் எண்ணியவற்றில் பல் இல்லை. ஆனால் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. பார்க்க வரும் ஒரு நாளுக்காக மட்டும் எதையாவது மாட்டி மறைப்பதும் கூடாது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற எச்சரிக்கை வியாபாரத்துக்கு மட்டும் உரியதல்ல.

மாப்பிள்ளை வீட்டாரே! பெண்ணைப் பார்த்துக்கொள்வது உங்களுக்கு உள்ள அனுமதி. ஆனால் சிரிக்கச் சொல்லிப் பல்லை எண்ணுவது மாட்டுச் சந்தையில் செய்யும் வேலை. பல் பிடித்துப் பார்க்க வேண்டியது மாட்டுக்குத்தான். தீனுக்காக மணமுடிப்பதே வெற்றி என்று சொல்லித் தந்த நபியின் உம்மத்து நாம். தெற்றுப்பல்லைக் காரணம் காட்டி நீங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன வீட்டில், அடுத்த நாள் அந்தப் பெண் நல்ல பல்லை அராவிக்கொள்ளப் போனால், அந்தப் பாவத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? அவளுடைய பல்லில் குறையில்லை. பார்த்த கண்ணில்தான் குறை.

உடைந்ததைச் சேர்ப்பது மருத்துவம். அதை அல்லாஹ் அனுமதித்தான். நிறைவாகப் படைக்கப்பட்டதைக் குறையென்று கருதிச் சிதைப்பது நன்றிகேடு. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவை நம் வீடுகளுக்கு வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.